டமார் என்றால் பயம் வந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு சினிமா பக்கத்தில் பேய்க் குறும்படங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கேமராவும் மேக்கப்பும் வாங்கப் பணம் இல்லாததால்தான் நம் பசங்க எடுக்கும் படங்களில் பயம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. யூடியூபில் போய்ப் பாருங்கள், ஒளிப்பதிவு பளிச்சென்றுதான் இருக்கிறது, ஆனால் டைட்டிலிலேயே பின்னணி இசை ஆரம்பித்துவிடுகிறது, கதவு திறந்தால் டமார், பூனை குதித்தால் டமார், பேய் வரும்போது காதுக்கு எல்லாம் பழகிப்போயிருக்கிறது.

2013-ல் ஸ்வீடன்காரர் டேவிட் சாண்ட்பெர்க் தன் வீட்டிலேயே, மனைவி லோட்டா லோஸ்டனை நடிக்க வைத்து ‘லைட்ஸ் அவுட்’ எடுத்தார். மூன்று நிமிடம்கூட இல்லை, வசனமே கிடையாது. ஒரு பெண் தூங்கப் போகும் முன் விளக்கை அணைக்கிறாள், நடையின் கோடியில் ஒரு உருவம் நிற்கிறது. போட்டால் இல்லை, அணைத்தால் இருக்கிறது. கேமரா அசையாமல் நிற்பதால்தான் இது வேலை செய்கிறது. அதே இடம், அதே கோணம், மாறுவது வெளிச்சம் மட்டும் என்பதால் நம் கண் தானாகவே அந்த இருட்டு மூலைக்குப் போகிறது. சுவிட்ச் சத்தத்துக்கும் உருவத்துக்கும் ஒரு தாளம் பிடிபடும் வரை எடிட்டர் பொறுமையாக விடுகிறார், பிடிபட்டதும் அதை உடைக்கிறார்: அடுத்த முறை அது பக்கத்தில் நிற்கிறது. அப்புறம் அவள் கட்டிலில் கிடக்க, கொஞ்ச நேரம் நமக்குக் கிடைப்பதெல்லாம் அறைக்கு வெளியிலிருந்து வரும் சத்தம்தான். கடைசி நொடி வரை பெரிதாகக் காட்ட ஒன்றுமே இல்லை, செலவும் இல்லை! (2016-ல் ஹாலிவுட்டில் இதையே முழுநீளப் படமாக்கினார்கள், பேய்க்கு ஒரு முன்கதையெல்லாம் வைத்து. எனக்கு அந்த மூன்று நிமிடமே போதும்.)

டமாரே கூடாது என்று சொல்லவில்லை. 1942-ல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ராத்திரி தெருவில் ஒருத்தி நடக்கிறாள், பின்னால், சிறுத்தையாக மாறுவாளோ என்று நாம் சந்தேகப்படும் இன்னொருத்தி. இசை இல்லை, இரண்டு பேரின் செருப்புச் சத்தம் மட்டும். திடீரென்று பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போனவள் திரும்பிப் பார்க்கிறாள், ஓடுகிறாள், நாம் புலியையோ சிறுத்தையையோ எதிர்பார்க்கும் நொடியில் சீறிக்கொண்டு திரைக்குள் பாய்வது ஒரு பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள், வெட்டி ஒட்டியவர் மார்க் ராப்சன் என்ற எடிட்டர். பஸ் பிரேக் சத்தத்தில் நாற்காலியை விட்டு எழ வைத்தது அதற்கு முன்பிருந்த அமைதிதான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது இயக்குநர்களோடு நிறுத்தாமல் ஒரு சவுண்ட் டிசைனரையும் எடிட்டரையும் பேட்டி எடுத்துப் போடுங்கள், படம் எடுக்க ஆசைப்படும் பசங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி