நியூட்ரினோ வேறு, கரும்பொருள் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஒளியை வெளியிடாமல் ஈர்ப்பு விசையால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும் கரும்பொருள் (dark matter) பற்றி வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், மின்னூட்டமற்ற மிக இலேசான துகள்களான நியூட்ரினோக்களே கரும்பொருள் என்று படிப்பவர் எண்ணிக்கொள்ளும்படி அதன் கடைசிப் பகுதி அமைந்துவிட்டது. மேல்நிலை வகுப்புகளில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் அதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் வெளிவரும் எலக்ட்ரான்கள் ஒரே ஆற்றலோடு வருவதில்லை என்பதை 1914இல் இயற்பியலாளர் சாட்விக் கண்டார். குறைகிற ஆற்றலை வேறொரு துகள் எடுத்துச் செல்கிறது என்று மற்றோர் இயற்பியலாளரான பவுலி 1930 டிசம்பரில் ஒரு கடிதத்தில் எழுதினார். அதுவே பின்னர் நியூட்ரினோ எனப் பெயர் பெற்றது. அந்தத் துகளின் நிறையை அதே சிதைவைக் கொண்டு அளக்க முயல்கிறது, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடக்கும் காட்ரின் ஆய்வு. இந்த ஆய்வில் பயன்படும் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதையும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலையும் அதற்கு ஈடான நிறையையும் குறிக்கும் அலகு). நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால், அதற்கு ஈடான ஆற்றல் எலக்ட்ரானுக்கு ஒருபோதும் கிட்டாது. ஆகவே எலக்ட்ரான்களின் ஆற்றல் நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான்கள் வருகின்றன என்ற வரைபடம், அந்த அளவுக்கு முன்னதாகவே முடிந்துவிடும். உச்சத்தை ஒட்டிய கடைசி ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் வந்து விழுவதோ ஏறத்தாழ ஐந்து லட்சம் கோடி சிதைவுகளில் ஒன்றுதான். அப்படி அரிதாகக் கிடைப்பவற்றைப் பொறுமையாக எண்ணித்தான், நியூட்ரினோவின் நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மிகாது என்ற முடிவை 2025இல் வெளியிட்டார்கள். எலக்ட்ரானின் நிறையில் இது பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவு இலேசான துகள்கள் இளம் பிரபஞ்சத்தில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடியிருக்கும். கரும்பொருள் முழுவதும் அவையாகவே இருந்திருந்தால், பொருள் சிறு திரள்களாகக் கூடுவது கலைந்துபோய், இன்று நாம் காணும் விண்மீன் மண்டலங்கள் இவ்வாறு உருவாகியிருக்க முடியாது. நியூட்ரினோ வகையில் கரும்பொருளாக இருக்கக்கூடும் என்று கருதப்படுவது, கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் நிறையுள்ள, இன்றுவரை எவரும் கண்டறியாத ஸ்டெரைல் நியூட்ரினோ, அதாவது ஈர்ப்பைத் தவிர வேறு விசைகளுக்கு நேரடியாக உட்படாத நியூட்ரினோ. கட்டுரையாளர் மனத்தில் கொண்டிருந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அப்படியொன்று இருந்து, நாம் அறிந்த நியூட்ரினோவோடு மிகச் சிறிதளவேனும் கலந்திருக்குமானால், ட்ரிட்டியம் நிறமாலையில், உச்ச ஆற்றலிலிருந்து அதன் நிறை அளவுக்குக் கீழே, மெல்லிய முறிவு ஒன்று தென்படும். அந்த முறிவைத் தேடுவதற்காகவே ட்ரிஸ்டன் என்ற புதிய உணர்கருவியைக் காட்ரின் குழுவினர் உருவாக்கியுள்ளனர்.

தங்கள் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டப்போவதாக, இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர் ஒருவர் சொன்னார். அதற்குள் இந்த விளக்கத்தையும் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.