முத்திரையைப் படித்த பிறகு அட்டை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த மலாயா அவசரகாலத்தை நினைவுகூரும் சிறு கண்காட்சிகள் நம் தோட்டப்புற ஊர்களில் அவ்வப்போது நடக்கின்றன. அங்கே வைக்கப்படும் .303 லீ-என்பீல்ட் ரைபிளுக்குப் பக்கத்தில் 'இன்ன படை பயன்படுத்தியது' என்று அட்டை இருக்கும். அட்டை சொல்வது ஒன்று, இரும்பில் அடித்திருப்பது வேறு என்ற நிலை அதிகம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்ட பிறகுதான் தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வந்தார்கள், கையில் லீ-என்பீல்டும் வந்தது. இந்த ஊரிலாவது அட்டை சரியாக இருக்க வேண்டாமா?

எல்லாம் இரும்புக் கழுத்தில் தொடங்குகிறது. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை நுழையும் இடம் அது. பழைய மார்க் 3 வகையில் அதன் வலப்பக்கம் கிரீடம், மன்னர் எழுத்து, தொழிற்சாலை, ஆண்டு ஆகியவை மேலிருந்து கீழாக இருக்கும். என்பீல்ட், பி.எஸ்.ஏ., லித்கோ, இஷாப்பூர் என்பவை செய்த இடங்கள். படைப்பிரிவின் பெயர்கள் அல்ல.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இஷாப்பூரில்தான். வங்காளத்துத் தொழிற்சாலையின் பெயரைப் பார்த்ததுமே நேதாஜி படையின் துப்பாக்கி என்று எழுதிவிடுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் 1941 கடைசியில் நம் பேராக்கின் கம்பாரில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையும் இதே வகையைத்தான் ஏந்தியது. கிரீடத்தின் கீழ் ஜி.ஆர்.ஐ. (பேரரசர் ஜார்ஜின் எழுத்து) என்று இருந்தால் ஆங்கிலேயர் காலத்து உருப்படி, அவ்வளவுதான். கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கம் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இந்தியா அதைச் சின்னமாக ஏற்றதே போர் முடிந்த பிறகு, 1950 ஜனவரி 26-இல். குழல் முனை புனல் போல விரிந்து, பின்கட்டையில் ரப்பர் திண்டு இருந்தால் அது நம்பர் 5, நாம் சொல்லும் ஜங்கிள் கார்பைன். 1944 முதல் 1947 வரைதான் அதைச் செய்தார்கள். அதை 1941-ஆம் ஆண்டுப் போர்ப் படத்துக்குக் கீழே வைக்கக் கூடாது. அதன் மாதமும் ஆண்டும் கழுத்தின் இடப்பக்கம் இருக்கும். 3/45 என்றால் 1945 மார்ச்.

அப்படியானால் படைப்பிரிவு எங்கே? பின்கட்டையின் வலப்பக்கத்தில் ஏறக்குறைய ஓர் அங்குல அகலத்தில் ஒரு பித்தளை வில்லை, ஒற்றைத் திருகாணியில் நிற்கும். ரெஜிமென்டின் சுருக்கப் பெயர், வழங்கிய மாதம், ஆண்டு, அந்தத் துப்பாக்கிக்குரிய ரேக் எண் (ஆயுதக் கிடங்கில் அதை வைக்கும் இடத்தின் எண்) ஆகியவை அதில் இருக்கலாம். ரேக் எண்ணை ஆண்டு என்று படித்துவிடாதீர்கள். முதல் உலகப் போரின் நடுவில் செலவைக் குறைக்க வில்லையையே விட்டுவிட்டார்கள், ஆகவே வில்லை இல்லாத கட்டை திருட்டுப் போனதல்ல. ஒரே திருகாணியில் நிற்பதால் மாற்றிவிடுவதும் எளிது. வில்லையை மட்டும் நம்பி எழுதக் கூடாது. பின்கட்டையின் கடைசியில் தோளில் படும் பித்தளை பட் தகட்டின் மேல்நுனியையும் பாருங்கள், சில பழைய உருப்படிகளில் படையின் முத்திரை அங்கே இருக்கும்.

படைப்பெயர் என்று ஏமாற்றும் எழுத்துகள் சில உண்டு. எஃப்.டி.ஆர். என்றால் தொழிற்சாலையில் முழுப் பழுது பார்த்தது, பக்கத்தில் இருப்பது பழுது பார்த்த ஆண்டு. டி.பி. என்றால் பயிற்சிக்கு மட்டும், சுடத் தகாதது. முனையொடு முனை சேர்ந்த இரண்டு அம்புக்குறிகள், அரசு கையைவிட்டு விற்றுத் தள்ளியதற்கு அடையாளம். குழலில் 2.222 என்று ஓர் எண் இருந்தால் அது வரிசை எண் அல்ல; .303 தோட்டா உறையின் நீளம், அங்குலத்தில். விற்பனைக்குப் போகும்முன் இங்கிலாந்துச் சோதனைக் கூடத்தில் அடித்தது. போல்ட் கைப்பிடியின் எண்ணும் உடலின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ போல்ட் மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஹோம் கார்ட் எனும் ஊர்க்காவல் படை பற்றியும் ஒரு வார்த்தை. மலாயாவில் அந்தப் படைக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஷாட்கன். இணையத்தில் காணும் சிவப்புப் பட்டை ரைபிள் 1940-இல் எழுந்த இங்கிலாந்து ஹோம் கார்டுடையது. அமெரிக்க எம்1917 ரைபிளுக்கு .30-06 தோட்டா, யாராவது .303-ஐத் திணித்துவிடுவார்களோ என்றுதான் இரண்டு அங்குலத்துக்குச் சிவப்பு தீட்டினார்கள்.

எழுத்து தெரியவில்லை என்று தேய்ப்பவர்களால் வரும் கேடுதான் பெரிது. சேண்ட் பேப்பர் ஒருமுறை ஓடினால் மரத்து முத்திரை போனது போனதுதான். பித்தளை பாலிஷ் எழுத்தின் விளிம்பை மழுக்கி, குழியில் வெள்ளையாகப் படிந்தும்விடும். துணியில் சிறிது மண்ணெண்ணெய், மென்மையான பழைய டூத்பிரஷ், இவை போதும். பிறகு சாக்பீஸ் தூளை விரலால் தடவி மேலே மட்டும் துடைத்தால் குழியில் வெள்ளை நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறைய படுக்கை நிலையில் பிடித்துப் படமெடுங்கள். கறுப்புப் பெயின்ட் மூடியிருந்தாலும் சுரண்டாதீர்கள், அதுவும் படை பூசியதாக இருக்கலாம். கை பட்ட இடத்தில் மெல்லிய எண்ணெய் தடவாவிட்டால் நம் ஈரக்காற்றில் துரு உடனே தொடங்கும்.

இவையெல்லாம் அனுமதியோடு காட்சியில் இருப்பவற்றுக்கு. பழைய லயத்துக் கூரையிலோ செம்பனை ஓரத்திலோ துப்பாக்கி கிடைத்தால் தொடாமல், துடைக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுத் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. தாத்தாவின் நினைவுப்பொருள் என்று சொல்வது அங்கே எடுபடாது.

அட்டையில் இப்படி எழுதினால் போதும்: 'லீ-என்பீல்ட் மார்க் 3, .303. இஷாப்பூர், 1942. வில்லை இல்லை. போல்ட் எண் வேறு. பயன்படுத்திய படை தெரியவில்லை.'

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்