நம் டூ வீலர் சங்கத்தின் 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர்களே தங்கள் வண்டியைக் கழற்றிப் பார்த்துப் பழகும் ஞாயிறு முகாம் இந்த ஆண்டும் மாதாமாதம் ராசிபுரத்தில் நடந்தது. ஸ்பிளெண்டரும் எக்ஸெல்லும்தான் வழக்கம்போல் அதிகம். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100-ஐப் புதுசு போல வைத்திருப்பவர்களும் தவறாமல் வந்தார்கள். பெண் உறுப்பினர்கள் இந்த ஆண்டு கூடியிருக்கிறார்கள். காற்று பார்ப்பது, பிளக் கழற்றித் துடைத்து மாட்டுவது வரை இப்போது அவர்களே செய்துகொள்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் இதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முகாமில் அதிகம் பேசப்பட்டது பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது எல்லா பங்க்கிலும். மைலேஜ் குறைகிறது என்று பலரும் சொன்னார்கள். எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் நம்மைப் படுத்தியது மழைக்காலத்துத் தண்ணீர். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்கு முதலில் போவது அதுதான். காலையில் உதைத்தால் ஸ்டார்ட் ஆகும், தெருமுனை தாண்டுவதற்குள் நின்றுவிடும்.

ஐப்பசி முகாமுக்கு ஒரு பழைய ஸ்பிளெண்டரைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் குழாய்த் திருகை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்குரூவைத் தளர்த்தி, வடிந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தோம். சற்று நேரத்தில் பாட்டிலுக்குள் கோடு போட்ட மாதிரி இரண்டு அடுக்கு தெரிந்தது. அடியில் இருந்தது கலங்கல். டேங்கையும் வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றியதும் வண்டி கிளம்பியது. தண்ணீர் எப்படிப் போனது என்று தேடினால், டேங்க் மூடியைச் சுற்றி நிற்கும் மழைநீர் வடிவதற்கான சிறு துளை மண்ணால் அடைத்திருந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்தத் துளையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன்தான், அதற்கான பம்ப் டேங்குக்குள் இருக்கும். அதை வீட்டில் கழற்ற வேண்டாம், மெக்கானிக்கிடம் விடுங்கள். பழைய வண்டிகளில் ரப்பர் டியூபில் வெடிப்போ பெட்ரோல் வாடையோ இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் செயின். மூடிய கவர் இருக்கும் வண்டிகளில் செயின் இருப்பதையே மறந்துவிடுகிறோம். அந்தக் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கி உள்ளே விரலை விட்டு ஆட்டினாலே தொய்வு தெரியும். சாதாரண வண்டிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆடலாம், சரியான அளவு உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். இறுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சக்கரம் கோணலாகிவிடும். இன்ஜினை ஓடவிட்டுச் செயினில் துணி பிடிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். விரல் போனால் போனதுதான். இதை ஒவ்வொரு முகாமிலும் சொல்கிறேன், சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

தை மாதம் கொல்லிமலைப் பயணம். ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் யாருக்கும் சிரமம் இல்லை. இறங்கும்போதுதான் சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டார்கள். மலையடிவாரக் காரவள்ளிக்கு வந்து சேர்ந்தபோது ஒரு வண்டியின் டிரம் பிரேக் கருகிய வாடை அடித்தது. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரைத் திருகாமல் விட்டால் இன்ஜினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். இன்ஜெக்ஷன் வண்டியில் அந்த நேரத்தில் பெட்ரோல் வரத்தே நின்றுவிடும். ஆக, நியூட்ரலில் மிச்சம் எதுவும் இல்லை, ஆபத்துதான் மிச்சம். அடுத்த மலைப் பயணத்தில் இரண்டாம் கியரில் இறங்கச் சம்மதிப்பவர்களை மட்டுமே சேர்ப்பது என்று குழு முடிவு செய்திருக்கிறது. கடுமையாகத் தோன்றலாம், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

போலி உதிரிபாகம் பற்றி ஒரு வருத்தமான செய்தி. உறுப்பினர் ஒருவர் பாதி விலைக்கு வாங்கிய பிரேக் ஷூவில் லைனிங் தனியே பெயர்ந்து வந்துவிட்டது. நல்லவேளை, வேகத்தில் போகவில்லை. பிரேக், டயர், ஹெல்மெட் மூன்றிலும் விலை பார்க்காதீர்கள். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். டயர் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது.

முகாமில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை கேனில் சேர்த்து, முறையாக வாங்கும் இடத்தில் ஒப்படைத்தோம். வீட்டில் ஆயில் மாற்றுபவர்களும் சாக்கடையிலோ தென்னை மூட்டிலோ ஊற்றாமல் முகாமுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். குடிக்கும் தண்ணீர் நம் ஊர்க் கிணற்றிலிருந்துதான் வருகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானதால் சில உறுப்பினர்கள் புது வண்டி எடுத்திருக்கிறார்கள், வாழ்த்துகள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்சி புத்தகத்தை எடுத்துத் தேதி பாருங்கள். 15 ஆண்டு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டில் இன்ஜெக்ஷன் வண்டிகளின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கி, நம் ஊர்ப் பட்டறைக்காரர்களும் பயன்படுத்தக் கொடுப்பது என்று குழு பரிந்துரைக்கிறது. முகாமுக்கு ஸ்பேனரோடு வந்து கூலி வாங்காமல் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். தீர்மானத்தைப் பொதுக்குழு நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்