பின்பனியை மறந்துவிடாதீர்கள்: நூலக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் குளிர்கால நிகழ்ச்சிக் கையேடு போன வாரம் கைக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து நிதானமாக விரித்துப் பார்த்தேன். டிசம்பர் பக்கத்தில் எள் விழ இடமில்லை. குழந்தைகளுக்குக் கைவினை, பெரியவர்களுக்குக் கைவினை, பாட்டு, படம், கதைநேரம், மறுபடியும் கைவினை. ஜனவரியில் நாலைந்து வரிகள். பிப்ரவரிக்கு ஒரே ஒரு படக்காட்சி. மார்ச் மாதத்துக்கு "விவரம் பின்னர்".

இந்த நூலகத்துக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. ஊருக்குப் புதிதாக வந்தபோது முதலில் என் பெயரில் கிடைத்த அட்டை உங்கள் உறுப்பினர் அட்டைதான். வங்கி அட்டை அதற்கப்புறம்தான் வந்தது. அதனால் இதைக் குறைப்பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆலோசனைப் பெட்டியில் மடித்துப் போட்டிருக்கலாம். மற்ற வாசகர்களும் படித்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

தமிழில் பனிக்காலம் ஒன்றல்ல, இரண்டு. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பள்ளியில் ஆறு பருவங்களை ஒப்பிக்கும்போது, குளிருக்கு எதற்கு இரண்டு பெயர் என்று நினைத்ததுண்டு. உறைபனி விழும் ஊரில் சில ஆண்டுகள் இருந்த பிறகுதான் விளங்கியது. முன்பனிக்கு ஒரு மினுக்கு உண்டு. முதல் பனியைப் பார்க்கப் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். விடுமுறை, விளக்கு அலங்காரம், விருந்தாளிகள் என்று வீடு நிறைந்திருக்கும். அந்த நாட்களில் நூலகம் ஒன்றும் செய்யாவிட்டால்கூட ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பின்பனி அப்படி இல்லை. விளக்குகளைக் கழற்றியாயிற்று, விருந்தாளிகள் போயாயிற்று, தெருவோரப் பனி கறுத்து இறுகிக் கிடக்கிறது. வெளியே போக ஒரு காரணமும் மிஞ்சாத நாட்கள் அவை. உங்கள் கையேடு காலியாக இருப்பதும் சரியாக அந்த நாட்களில்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. டிசம்பரில் குவித்திருப்பதில் பாதியை எடுத்துப் பின்பனிக்கு மாற்றுங்கள். மீதி எல்லாம் இதன் கிளைகள்தான்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்களோடு வந்து தங்கிய முதல் குளிர்காலத்தில் தினமும் காலையில் நூலகத்துக்கு நடப்பார். "இந்தக் குளிர்ல பேப்பர் படிக்கவா அவ்வளவு தூரம் போகணும், போன்லயே வருதேப்பா" என்றேன். "பேப்பரா? நாலு மனுஷ மூஞ்சியப் பார்க்கப் போறேன்டா" என்றார். பிப்ரவரியில் ஒருநாள் போன வேகத்தில் திரும்பி வந்தார். கதவில் ஒரு தாள்: குளிர்கால நேர மாற்றம், இன்று முதல் மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும். முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. சறுக்கும் நடைபாதையில் இருபது நிமிடம் போய், இருபது நிமிடம் திரும்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் அடிக்கடி போகவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்கு ஒரு பழக்கம் அறுந்தால் மறுபடி முடிச்சுப் போடுவது கடினம், அவ்வளவுதான்.

ஆகவே நிகழ்ச்சிக்கு முன்னால் நேரத்தைப் பேசுவோம். நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதனை உங்களில் பலர் தொழில்முறையில் படித்திருப்பீர்கள். 1931இல் வெளியான அந்த நூலில் "புத்தகங்கள் பயன்பாட்டுக்கே" என்ற முதல் விதியை விளக்கும்போது, நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலி மேசை எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த விதிக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறார். பூட்டிய கதவுக்குப் பின்னால் எவ்வளவு நல்ல தொகுப்பு இருந்தும் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோடையில் மாலை 5 மணிக்கு மூடினால் மக்கள் பூங்காவுக்குப் போவார்கள். பின்பனியில் அதே 5 மணிக்கு மூடினால் எங்கே போவார்கள்? பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. அங்கே 2018 டிசம்பர் 5ஆம் தேதி திறந்த 'ஓடி' (Oodi) மைய நூலகம் வார நாட்களில் இரவு 9 மணி வரை இயங்குகிறது. அந்தக் கட்டடத்தின் பிரம்மாண்டத்தை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. கடிகாரத்தை மட்டும் கொஞ்சம் கடன் வாங்குங்கள்.

ஆள் போதாது, பணம் போதாது என்பீர்கள். நியாயம்தான். மூடும் நேரம் தள்ளிப்போனால் பனிச்சாலையில் இரவு வீடு திரும்ப வேண்டியவர்கள் உங்கள் ஊழியர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. டென்மார்க்கிலும் பின்லாந்திலும் பல கிளை நூலகங்கள் ஊழியர் இல்லாத நேரத்திலும் திறந்திருக்கின்றன. உறுப்பினர் அட்டையையும் இரகசிய எண்ணையும் கொண்டு வாசகரே கதவைத் திறந்துகொள்ளலாம், தானே பதிந்து புத்தகம் எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் என் அப்பாவைப் போன்றவர்களுக்கு அது ஆளில்லாத கூடம் மட்டுமே. வாரம் ஏழு நாளும் நீட்டிக்கச் சொல்லவில்லை. பின்பனி மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மாலை, ஊழியரோடு, 8 மணி வரை. அதற்கு ஈடாகக் கோடையில் இரண்டு மாலையைக் குறைத்துக்கொண்டால் வாசகர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நம்புகிறேன். (கோடை வாசகர்கள் மன்னிக்கவும்.) எந்த மாற்றமானாலும் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அதுவும் இணையத்தில் மட்டும் போதாது. கதவிலும், பேருந்து நிறுத்தத்திலும், தொலைபேசியில் பதிவு செய்த குரலிலும் சொல்லுங்கள்.

அடுத்தது, உள்ளே வந்தவர் சும்மா உட்காரும் உரிமை. 2022 குளிர்காலத்தில் எரிசக்திக் கட்டணம் ஏறியபோது பிரிட்டனில் ஏராளமான நூலகங்கள், வீட்டில் ஹீட்டர் போட முடியாதவர்களுக்கான கதகதப்பான இடங்களாக அறிவிக்கப்பட்டன. எண்ணம் உயர்ந்தது. ஆனால் "இங்கே குளிர் காயலாம்" என்று பலகை மாட்டியதும், உள்ளே நுழைகிறவர் தன் வறுமையை அறிவித்துக்கொண்டே நுழைய வேண்டியதாகிறது. நூலகத்தின் பெருமையே, ஏன் வந்தாய் என்று யாரும் கேட்காததுதான். கையில் விரித்த ஒரு புத்தகம் இருந்தால் போதும், அங்கே எல்லோரும் வாசகர்கள்தான். ஆகவே தயவுசெய்து பலகை வேண்டாம். அந்தப் பணத்தில் கோட் மாட்டக் கொக்கிகள் வாங்குங்கள்.

சிரிக்காதீர்கள், இதைப் பத்து ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நம் வாசிப்புக் கூடத்தில் கோட்டைக் கழற்றி வைக்க இடமே இல்லை. ஆளுக்கொரு மூட்டைபோல அதை மடியில் வைத்துக்கொண்டும், நாற்காலி முதுகில் போட்டுத் தரையில் புரளவிட்டும் உட்கார்ந்திருக்கிறோம். கோட்டைக் கழற்றாதவர் தங்க வந்தவர் அல்ல, கிளம்பப் போகிறவர். ஒரு வரிசைக் கொக்கி, ஈர பூட்ஸ் வைக்க ஒரு தட்டு, தள்ளுவண்டிச் சக்கரம் துடைக்க ஒரு பழைய துண்டு. கைக்குழந்தையோடு பகல் முழுக்க நாலு சுவருக்குள் கிடக்கும் தாய்மாருக்கு நீங்கள் நடத்தும் எந்தக் கதைநேரத்தையும் விட இது பெரிய அழைப்பு.

வெளிச்சம் இன்னொன்று. பகல் குறுகும் மாதங்களில் வரும் மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் 1984இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் அளவு ஒளி தரும் விளக்கின் முன் உட்காருவது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. கனடாவில் எட்மன்டன், டொரன்டோ பொது நூலகங்கள் இத்தகைய விளக்குகளை வாசகர் மேசைகளில் வைத்துப் பார்த்திருக்கின்றன. நாமும் செய்தித்தாள் மேசையில் இரண்டு வைக்கலாம். கண் நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு உட்காரட்டும் என்று பக்கத்திலேயே ஒரு சீட்டும் வேண்டும்.

இப்போது நிகழ்ச்சிகள். பின்பனிக்குக் காகித நட்சத்திரம் செய்யச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த மாதங்களுக்கென்றே சில வேலைகள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வருமான வரிக் கணக்கு ஏப்ரலுக்குள் முடிய வேண்டும். அங்கே நூலகங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உட்கார்ந்து, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் படிவம் நிரப்பித் தருகிறார்கள். பல நூலகங்கள் இழுப்பறைகளில் விதை வைத்திருக்கின்றன. எடுத்துப்போய் விதைத்துவிட்டு, அறுவடைக்குப் பிறகு முடிந்தால் கொஞ்சம் விதையைத் திருப்பித் தரலாம். தக்காளி, மிளகாய் போன்றவற்றை வீட்டுக்குள் முளைக்கப்போட வேண்டிய காலம் வெளியே பனி கரையாத அந்தப் பின்பனிதான். ஜன்னலோரம் ஒரு நாற்று வந்துவிட்டால் மார்ச் மாதத்தைத் தாண்டிவிடலாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

மொழி உரையாடல் வட்டத்தை மறுபடி தொடங்குங்கள். புதிதாகக் குடியேறியவர்கள் கோடையில் வேலை, அலைச்சல் என்று வர மாட்டார்கள். குளிரில் வருவார்கள், வந்தால் பேசுவார்கள். பிழையான இலக்கணத்தில் பனியைத் திட்டுவதைப் போல ஒரு மொழிப் பயிற்சி வேறில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை பழுதுபார்ப்பு நாள் வையுங்கள். பிப்ரவரியில் ஊரில் பாதிப் பேருடைய கோட்டில் ஜிப் போயிருக்கும், கையுறையில் கட்டைவிரல் ஓட்டை இருக்கும்.

பின்லாந்து நூலகங்கள் சில பனிச்சறுக்குக் கட்டைகளைக்கூடப் புத்தகம்போல் இரவல் தருகின்றன. நமக்கு அவ்வளவு வேண்டாம். காலணியில் மாட்டும் வழுக்குத்தடுப்பு முள்பட்டைகள் பத்து ஜோடி போதும். வந்தபோது பனி இல்லை, போகும்போது தரை கண்ணாடியாகிவிட்டது என்று வாசலில் தயங்கி நிற்பவர்களை நான் எத்தனையோ மாலை பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் சில்லறை விஷயங்கள். கடும்பனி எச்சரிக்கை உள்ள நாட்களுக்குத் தாமதக் கட்டணம் போடாதீர்கள்; இரண்டு நாளில் வர வேண்டிய புத்தகத்துக்காக யாரும் இடுப்பை ஒடித்துக்கொள்ளக் கூடாது. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தையே எடுத்துவிட்டது, அதுவும் குளிருக்குப் பேர்போன ஊர்தான். வெளியே இருக்கும் புத்தகம் போடும் பெட்டியின் மூடி போன ஆண்டே கோணிவிட்டது, பனி உள்ளே போகிறது. உறைகுளிரில் கிடந்த புத்தகத்தைச் சூடான அறையில் உடனே விரித்தால் முதுகுப் பசை விரிசல் விடும், அட்டையில் ஈரம் பூக்கும். பையோடு சற்று நேரம் வைத்திருந்து அறைச்சூட்டுக்கு வந்தபின் திறக்கச் சொல்லி ஒரு வரி, இரவல் சீட்டின் அடியில் அச்சடித்தால் நல்லது.

வர முடியாதவர்களையும் நினைக்க வேண்டும். யுனெஸ்கோவும் நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் 2022இல் புதுப்பித்து வெளியிட்ட பொது நூலக அறிக்கை, வழக்கமான சேவையைப் பெற முடியாதவர்களுக்குச் சிறப்புச் சேவை தர வேண்டும் என்கிறது. மொழிச் சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், மருத்துவமனையில் இருப்பவர்கள் என்று எடுத்தும் சொல்கிறது. ஆறு மாதம் வீட்டை விட்டு இறங்கப் பயப்படும் எண்பது வயதுக்காரரும் அந்த வரிசையில் சேர்ந்தவர்தான். வாரம் ஒருமுறை தன்னார்வலர் ஒருவர் நாலு புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, பழையதை வாங்கிவந்தால் போதும். எந்தப் புத்தகம் பிடித்தது என்று வாசலில் நின்று ஐந்து நிமிடம் பேசுவதையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

ஜனவரிக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவீர்கள் என்று கேள்விப்பட்டேன். வருகிறேன். பழுதுபார்ப்பு நாளுக்கு ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஜிப் மாற்றத் தெரியும், தையல் இயந்திரமும் சொந்தமாக இருக்கிறது. மேசையும் மின்இணைப்பும் நீங்கள் தாருங்கள். புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க இன்னும் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். கொக்கி அடிக்க வரட்டுமா என்று அப்பாவும் கேட்கச் சொன்னார். சுத்தியல் அவரிடமே இருக்கிறதாம்.

அன்புடன்,
செய்தித்தாள் மேசையின் ஜன்னலோர நாற்காலிக்காரன்