மார்க் போடுகிற பெட்டிக்குக் காது கிடையாது

எங்கள் பகுதித் திருவிழாவில் பாட்டுப் போட்டி நடத்தும் விழாக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். மேடையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நான் 22 வருடம் ஆர்கெஸ்ட்ராக்களில் தபேலா வாசித்தவன். இப்போது கை நடுக்கம், அதனால் பார்வையாளர் வரிசை.

47-ஆம் நம்பர் அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவர். விடியற்காலை மூன்று மணிக்குக் கடையில் இருக்க வேண்டிய மனுசி, ராத்திரி பதினொன்று வரை நாற்காலியில் காத்திருந்தார். நீங்கள் கொடுத்த பட்டியலில் அவருக்குத் தெரிந்தது டி.எம்.எஸ். பாடிய ஒரு பழைய சோகப் பாட்டு மட்டும். நீங்கள் ஓடவிட்ட ட்ராக், அதாவது குரல் இல்லாத வாத்திய இசை, ஆண் குரல் கட்டையில் (சுருதியில்) இருந்தது. கீழே பாடினால் குரல் எழும்பாது, மேலே பாடினால் தொண்டை கிழியும். "தம்பி, கட்டையைக் கொஞ்சம் மாத்தி வைப்பா" என்று கேட்டார். பொத்தானை இரண்டு தடவை அமுக்குகிற வேலை. "எல்லாருக்கும் ஒரே ட்ராக்தான்மா, அதான் ரூல்ஸ்" என்று பதில் வந்தது. எல்லோருக்கும் ஒரே சைஸ் செருப்பு கொடுப்பதும் ஒரு நியாயம்தான்.

அப்புறமும் பாடினார். பல்லவி தடுமாறியது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது சரணத்தில் மேலே ஏறும்போது குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நிறுத்தாமல், உடைந்த குரலையே பிடித்துக்கொண்டு அந்த வரியை முடித்தார். அப்போது மைக்செட் பையன் தானாக எக்கோவைக் குறைத்தான். என் அனுபவத்தில் எந்த மைக்செட்காரரும் எக்கோவைக் குறைத்து நான் பார்த்ததில்லை.

பாடுகிறவருக்குத் தானாக மார்க் போடுகிற அந்த மெஷின் பெட்டி 58 மார்க் போட்டது. 60-க்குக் கீழே என்றால் வெளியே. நடுவர்கள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. திறக்க நீங்கள் இடம் வைக்கவில்லை.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று விசாரித்தேன். அதற்குள் பாட்டின் சுரமும் அது வரவேண்டிய நேரமும் பதிவாகி இருக்கின்றன. நம் குரல் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போனால் அதற்கு அது பிசகு. சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் பிசகு. ஒரு சொல்லைக் கொஞ்சம் தாமதித்து எடுத்தால் அதுவும் பிசகு. ஒப்பாரி பாடுகிற கிழவியையும் சித்திரைத் திருவிழாவில் அழகர் வர்ணிப்பு பாடுகிறவரையும் நிறுத்திப் பாருங்கள், எத்தனை மார்க் வருகிறதென்று.

சுருதி முக்கியமில்லை என்று சொல்லவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த மதுரையில் அப்படிச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? சுருதி சேராத பாட்டோடு வாசிக்கிற கஷ்டம் தபேலாக்காரனுக்குத்தான் தெரியும். ஆனால் சுருதி சுத்தமாக இருந்துவிட்டால் மட்டும் பாட்டு ஆகிவிடாது. 94 வாங்கிய தம்பி ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. எழவு வீட்டு வரியைக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல் பாடினார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. பெட்டி கேட்டதை அவர் கொடுத்தார்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: ஆளை வெளியேற்றுகிற முடிவைப் பெட்டியிடம் கொடுக்காதீர்கள், நடுவர்களிடம் கொடுங்கள்.

டி.எம்.எஸ்.ஸுக்கு 2023-ல் முனிச்சாலையில் சிலை வைத்தோம். 1922-ல் இதே ஊரில் பிறந்தவர். எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரி, சிவாஜிக்கு ஒரு மாதிரி என்று ஒரே தொண்டையில் இரண்டு ஆளைக் காட்டினவர். அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்களோடு சேர்ந்து நின்று ஒரே மூச்சில் பாட வேண்டும். ஒருத்தர் தப்பு விட்டால் எல்லோரும் முதலிலிருந்து. இன்றைக்கு 1997-ல் வந்த ஆட்டோ-டியூன் மாதிரி மென்பொருள்களை வைத்து, பாடி முடித்த பிறகு சுருதியைத் தட்டி நிமிர்த்துகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு பாடுகிறவருக்கு அந்தச் சலுகை உண்டு. நூறு ரூபாய் நுழைவுக் கட்டணம் கட்டிய பூக்காரம்மாவுக்குக் கட்டையை மாற்றிக்கூடத் தரமாட்டோம்.

இவ்வளவு துல்லியம் பார்க்கிற நீங்கள், சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினாரே, அப்போதும் அந்தப் பெட்டியை ஓட விட்டிருக்கலாம். எங்களுக்கும் பொழுது போயிருக்கும். போஸ்டரில் பாட்டுக்காரர் ஒருத்தர் பெயர்கூட இல்லாமல் உங்கள் பதினாறு பேர் படம் இருந்ததையும்... சரி, அது வேறு கதை. வயசானவன் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதை மரியாதையாகவே கேட்கிறேன். பெட்டி இருக்கட்டும், ஒரு ஓரமாக மார்க் காட்டட்டும். முடிவு நடுவர்களின் காதுக்கு. அவரவர் கட்டையில் பாட விடுங்கள். 47-ஆம் நம்பருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்; வேண்டுமானால் ட்ராக் இல்லாமல் பாடட்டும், ஆர்மோனியத்துக்கு ஆள் நான் கூட்டி வருகிறேன்.

தேதி வைக்கும்போது மட்டும் மறுநாள் முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி அவரால் கடையை விட்டு நகர முடியாது.

இப்படிக்கு,
பழைய தபேலாக்காரன்,
செல்லூர், மதுரை