மழைக்கால மக்காச்சோளம்: முதலில் விதை, அப்புறம் யூரியா

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புரட்டாசிப் பட்டம் நெருங்கியதும் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா?" என்பதுதான். என்ன விதை, தண்ணீர் வசதி உண்டா, கரிசலா செம்மண்ணா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இறவையில் வீரிய ஒட்டு ரகத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஹெக்டேருக்கு 250 கிலோ, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அடியுரமாகப் போடும் டிஏபி மூட்டையிலும் 9 கிலோ இருக்கிறது. ஆக, நாலு அல்லது நாலரை மூட்டை யூரியா போதும். இது கிணறோ போரோ இருப்பவர்களுக்கான கணக்கு. மானாவாரிக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி நோட்டீஸில் போடும் மகசூல், தண்ணீரும் உரமும் குறைவில்லாமல் கொடுத்து எடுத்தது. மழையை மட்டும் நம்புகிறவர்கள் சீக்கிரம் முடிகிற ரகமாகக் கேளுங்கள்.

தழைச்சத்து குறைந்த மண்ணிலும் மணி பிடிக்கும் மக்காச்சோளத்தை மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையம் பல வருடங்களாகத் தேர்ந்தெடுத்து வருகிறது. அவர்கள் பார்க்கும் அடையாளம் ஒன்றை நீங்களும் உங்கள் காட்டில் பார்க்கலாம். ஆண் பூ மகரந்தம் உதிர்க்கத் தொடங்கிய பிறகு கதிரில் பட்டு (கதிர் நுனியில் வரும் நூல்) வர எத்தனை நாள் ஆகிறது? தழைச்சத்து போதாத பயிரில் பட்டு பிந்தும். மகரந்தம் தீர்ந்த பிறகு வந்தால் கதிர் பொக்கையாகிவிடும். இடைவெளி குறைவாக இருந்த ரகம் எதுவென்று குறித்து வைத்தால் அடுத்த வருடம் விதை வாங்க உதவும்.

சரி, எப்போது போடுவது? கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், மீதி 45ஆம் நாள். விதைக்கும்போதே மொத்தமும் போட்டால் சின்னப் பயிரால் அவ்வளவையும் எடுக்க முடியாது. அதற்குள் பெருமழை வந்தால் செம்மண்ணில் வேருக்குக் கீழே இறங்கிவிடும். கரிசலில் தண்ணீர் தேங்கினால் காற்றாகப் போய்விடும். ஈரமான கரிசலில் மேலாக வீசி மூடாமல் விட்டாலும் அமோனியாவாகப் பறந்துவிடும். அதனால் தண்ணீர் வடிந்த பிறகு, தூரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு, மண் அணையுங்கள்.

அடித்தோகை நுனியிலிருந்து நடு நரம்பு வழியே மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. ஓரம் கருகினால் அது சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறை, அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு தோகையைக் கிள்ளி எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

யூரியாவை மூன்று தடவையாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி ஈரத்தில் வீட்டில் வைத்த மூட்டை கட்டி தட்டிவிடும். வரும்போது ஆதார் அட்டை எடுத்து வாருங்கள், கைரேகை வைத்தால்தான் மெஷினில் பில் வரும்.

இப்படிக்கு,
உங்கள் விதை, உரக்கடை
பெரம்பலூர்