எது முன்னால், எது பின்னால்: இயற்பியல், கணிதப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டுப் பாடத்திட்டத்தைத் திருத்தும் வேலை மறுபடியும் உங்கள் கைக்கு வரப்போகிறது. அந்தக் கூட்டங்களில் எந்த அலகைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்றுதான் பெரும்பாலும் பேச்சு நடக்கும். நான் கேட்பது அது இல்லை. இருப்பதை வைத்துக்கொண்டே, எது முன்னால் வரவேண்டும், எது பின்னால் வரவேண்டும் என்பதை மட்டும் மாற்றித் தாருங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் மாநிலத்தில் பல பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டரின் மேஜர் (முதன்மை) பாடம் பொருட்பண்புகளும் ஒலியியலும். அடுத்து வெப்பவியல். இயக்கவியல் வந்து சேரும்போது மாணவன் இரண்டாமாண்டில் இருப்பான். மேஜரோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடமான கணித அல்லைடு பக்கம் போய்ப் பாருங்கள். முதல் தாளில் சமன்பாட்டியல், அணிகள், முக்கோணவியல், கொஞ்சம் வகைநுண்கணிதம். தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர் நுண்கணிதம் எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் தாளில். சில கல்லூரிகளில் முதலாண்டு அல்லைடு வேதியியல். கணிதமே இரண்டாமாண்டில்தான் தலைகாட்டும்.

இதன் விளைவு வகுப்பறையில் எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு பாடத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் மீட்சியியல் அலகில் சட்டத்தின், அதாவது மீட்டர் ஸ்கேல் போன்ற நீண்ட பட்டையின், வளைவு வரும். இரண்டு கத்திமுனைகளின்மேல் கிடக்கும் சட்டத்தின் நடுவில் எடை தொங்குகிறது. நடுப்புள்ளி எவ்வளவு இறங்கும் என்று கணக்கிட வேண்டும். வளைவுத் திருப்புத்திறனை எழுதி, அதை இரண்டு முறை தொகையிட வேண்டும். ஒவ்வொரு முறையும் 'சி' என்று எழுதும் ஒரு மாறிலி வரும். சட்டத்தின் நடுவில் சரிவு சுழி, தாங்கும் முனையில் இறக்கம் சுழி என்று வைத்து அந்த மாறிலிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். கரும்பலகையில் பாதி வரும்போது முன்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்பாள்: "சார், அந்த சி எங்கிருந்து வந்தது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம் தொகையிடல் நடத்த வேண்டும். நடத்தினால் ஐந்து அலகும் முடியாது. அதனால் மாநிலமெங்கும் எத்தனையோ வகுப்பறைகளில் "இப்போதைக்கு எழுதிக்கோம்மா, கணக்கு வகுப்பில் பின்னால் வரும்" என்ற பதில்தான் கிடைக்கிறது. கணக்கு வகுப்பில் அது வரும்போது பொருட்பண்புகள் தேர்வு முடிந்திருக்கும். இயற்பியல் என்றால் வருவிப்பை, அதாவது சூத்திரம் படிப்படியாகக் கிடைக்கும் வழியை, வரிக்கு வரி மனப்பாடம் செய்து 10 மதிப்பெண்ணுக்கு எழுதுவது என்று முதல் நான்கு மாதத்திலேயே பிள்ளைகள் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மூன்றாமாண்டில் குவாண்டம் இயக்கவியல் நடத்தும்போதும் அந்தப் பழக்கத்தோடுதான் வந்து உட்காருகிறார்கள்.

பிளஸ் 1-இல் இதெல்லாம் படித்திருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். பாடநூலில் இருப்பது உண்மை. பிளஸ் 1 இயற்பியல் புத்தகத்தின் இயக்கவியல் அலகிலேயே வெக்டரும் வகையிடலும் தொகையிடலும் அறிமுகமாகின்றன. பிளஸ் 1 கணக்குப் புத்தகத்திலும் அவை இருக்கின்றன. ஆனால் பிளஸ் 1-ஐ ஒப்புக்கு நடத்திவிட்டு பிளஸ் 2-க்குத் தாவும் வழக்கம் பல பள்ளிகளில் வெகுகாலம் இருந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் 1-க்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். இப்போது மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டில் இருந்து அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. மூன்று ஆண்டு தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு எழுதுவது பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பெரிய பாரம். ஆனால் அதன் தாக்கம் கல்லூரி வாசலில் தெரியும். 2025-இல் பிளஸ் 1 சேர்ந்தவர்கள் 2027 ஜூனில் நம்மிடம் வருவார்கள். அதற்குள் முதல் செமஸ்டர் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு பழைய செய்தியையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1978-இல் மேல்நிலைப் படிப்பு பள்ளிக்குப் போகும்வரை, பட்டப்படிப்புக்கு முன்னால் ஓராண்டு புகுமுக வகுப்பு கல்லூரியிலேயே நடந்தது. பட்ட வகுப்பு எடுக்கிற அதே ஆசிரியர்கள்தான் அதையும் எடுத்தார்கள். எந்த மாணவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று கையோடு தெரிந்திருந்தது. பள்ளிக்கு மாற்றியது சரியான முடிவு. அதனால்தான் ஊர்தோறும் பிள்ளைகள் பன்னிரண்டு வரை படிக்க முடிந்தது. ஆனால் புகுமுக வகுப்பு செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை முதல் செமஸ்டர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி என் கோரிக்கை. முதல் செமஸ்டர் மேஜர் பாடமாக இயக்கவியலை வையுங்கள். பள்ளியில் பார்த்த நியூட்டன் விதிகளையே எடுத்துக்கொண்டு, வேகம் என்பது வகைக்கெழு, இயக்கச் சமன்பாடு என்பது வகைக்கெழுச் சமன்பாடு, எளிய ஊசலும் சுருள்வில்லும் அதன் தீர்வுகள் என்று நடத்தினால் மாணவனுக்குத் தெரிந்த இயற்பியலின் மேலேயே தெரியாத கணிதம் ஏறி உட்காரும். அதே செமஸ்டரில் கணித அல்லைடு முதல் தாளைத் தொகையிடலில் தொடங்கி, எளிய வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர், பகுதி வகையிடல் என்று கொண்டுபோங்கள். சமன்பாட்டியலும் முக்கோணவியல் விரிவுகளும் இரண்டாம் தாளுக்குப் போகட்டும், அவை காத்திருக்கும். பொருட்பண்புகள் இரண்டாம் செமஸ்டரிலும், வெப்பவியல் மூன்றாவதிலும் வந்தால் சட்டத்தின் வளைவு நடத்தும்போது அந்த 'சி' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. பகுதி வகையிடல் தெரியாமல் மேக்ஸ்வெல் வெப்ப இயக்கவியல் தொடர்புகளை மனப்பாடம் செய்யும் கொடுமையும் தீரும்.

மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தோடு முதல் செமஸ்டரில் அடிப்படைப் பாடம் ஒன்று, இரண்டு கிரெடிட்டில், வந்தது. அருமையான ஏற்பாடு. அந்த நேரத்தில் பள்ளி இயற்பியலை மேலோட்டமாகத் திரும்பச் சொல்வதைவிட வரைபடம் வரைவது, சரிவு காண்பது, மடக்கை, அலகு, பரிமாணம், தோராய மதிப்பீடு ஆகியவற்றைக் கையால் போட்டுப் பழக விடுங்கள்.

இதற்கெல்லாம் தடையாக இருப்பது பணமோ ஆளோ இல்லை. கணித அல்லைடு பாடத்திட்டத்தைக் கணிதக் குழு எழுதுகிறது. மேஜர் பாடத்திட்டத்தை இயற்பியல் குழு எழுதுகிறது. இரண்டும் தனித்தனி நாளில், தனித்தனி அறையில் கூடுகின்றன. வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் ஒரே அல்லைடு கணிதம் என்று வைத்தால் வேலை சுலபம்தான், ஆனால் யாருக்கும் பொருந்தாது. பி.எஸ்சி. வேதியியலில் பிளஸ் 2-இல் தாவரவியல், விலங்கியல் படித்துக் கணிதத்தை பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் கணிதக் குரூப்பில் இருந்து வந்தவர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து நேராகத் தொகையிடலின் பெர்னூலி சூத்திரத்துக்குப் போவது இரு தரப்புக்கும் அநியாயம். வேதியியல் குழுவும் அந்தக் கூட்டத்துக்கு வரட்டும்.

ஆய்வகத்தைப் பற்றி எனக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன அதே சட்டத்தின் வளைவைப் பிராக்டிகலில் சோதனையாகவும் செய்கிறார்கள். மீட்டர் ஸ்கேலைக் கத்திமுனைகளில் வைத்து, நடுவில் 50 கிராம் 50 கிராமாக எடை ஏற்றி, டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் குண்டூசி முனையின் நிலையைக் குறித்து, பொருள் வளையாமல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று காட்டும் யங் குணகத்தைக் காண்பார்கள். சூத்திரத்தில் ஸ்கேலின் அகலம் ஒரு முறைதான் வரும். தடிமனோ மும்மடியாக வரும். தடிமன் சுமார் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 மி.மீ. வரை காட்டும் வெர்னியரில் அளந்தால் சுமார் 1.7 விழுக்காடு பிழை வரலாம். மும்மடி என்பதால் விடையில் அது 5 விழுக்காடாகிவிடும். 0.01 மி.மீ. வரை காட்டும் ஸ்க்ரூ கேஜில் அளந்தால் அது அரை விழுக்காடாகச் சுருங்கும். அகலத்துக்கு வெர்னியர், தடிமனுக்கு ஸ்க்ரூ கேஜ் என்று கையேட்டில் இருப்பதன் காரணம் இதுதான். மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்: "ரெக்கார்டில் அப்படித்தான் சார் இருக்கு" என்பார்கள். அவர்கள்மேல் தவறில்லை. பிழைக் கணிப்பு என்ற ஒன்று முதலாண்டு பிராக்டிகல் தாளில் மதிப்பெண்ணோடு இல்லை.

ஒரு செமஸ்டருக்கு எட்டு, பத்து சோதனை என்ற எண்ணிக்கையைக் குறைத்து ஐந்தாக்குங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் செய்யட்டும். முதல் வாரம் அளவீடு. இரண்டாம் வாரம், எந்த அளவு விடையை அதிகம் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மேலும் கவனமாக எடுத்துத் திரும்பக் கணக்கிடட்டும். இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பங்கை அதற்குக் கொடுங்கள். அட்டவணையைச் சீனியர் ரெக்கார்டில் இருந்து பார்த்து எழுதும் வழக்கம் அதோடு தானாகக் குறையும். ஏனென்றால் இரண்டாம் வாரத்துக்குப் பார்த்து எழுத அங்கே எதுவும் இருக்காது.

முதல் செமஸ்டரின் உண்மையான நீளத்தையும் கணக்கில் எடுங்கள். பொறியியல் கலந்தாய்வு நடக்க நடக்க நம் வகுப்பில் இருந்து பிள்ளைகள் போவார்கள். காலியான இடங்களில் புதியவர்கள் வருவார்கள். ஆகஸ்டில் சேர்பவனும் நவம்பரில் அதே தேர்வைத்தான் எழுதுகிறான். ஆகவே தொடக்க வாரங்களில் மேஜர் பாடத்தின் முதல் அலகை முடித்துவிடாமல், அடிப்படைப் பாடத்தையும் அளவீட்டுப் பயிற்சியையும் அங்கே குவித்து வைத்தால், பின்னால் வருபவர்கள் அதை மாலை நேரத்தில் ஈடுகட்ட முடியும். அரியரோடு முதலாண்டைத் தாண்டுபவர்களில் எத்தனை பேர் இப்படித் தாமதமாகச் சேர்ந்தவர்கள் என்ற விவரம் உங்கள் தேர்வுப் பிரிவிலேயே இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆங்கிலத் தாள் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் பல மணி நேரம் ஆங்கிலத்துக்கு இருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் தடை இயற்பியல் இல்லை, இயற்பியல் புத்தகத்தின் முதல் பக்கம். அறிவியல் துறை மாணவர்களுக்காவது அதில் ஒரு மணி நேரத்தை ஆய்வகக் கையேட்டின் ஒரு பக்கத்தை வாசித்துப் புரிந்துகொள்வதற்கு ஒதுக்குங்கள்.

பணிநேரம் குறையுமே என்று கணிதத் துறையில் கவலை இருக்கும். ஒரு மணி நேரம்கூடக் குறையாது. தாள்கள் அப்படியே இருக்கின்றன, உள்ளே இருப்பவைதான் இடம் மாறுகின்றன. பாடப்புத்தகம் மாற்ற வேண்டுமே என்றால், பாடத்திட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் எப்படியும் மாறத்தான் செய்கிறது. இயக்கவியல் கடினம், முதல் செமஸ்டரிலேயே தேர்ச்சி விகிதம் விழும் என்ற அச்சத்தை மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். விழக்கூடும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வினாத்தாளில் வருவிப்புகளைக் குறைத்து, சிறு கணக்குகளைக் கூட்டினால் அதைச் சமாளிக்கலாம். இது வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்வது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இரு குழுக்களும் அரை நாள் சேர்ந்து உட்காருங்கள். மேஜர் பாடத்திட்டம், அல்லைடு பாடத்திட்டம், பிளஸ் 1 புத்தகங்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வாரத்தில் இயற்பியலுக்கு எந்தக் கணிதம் தேவை என்று குறித்துப் பாருங்கள். முதல் செமஸ்டருக்கு வாரவாரியாக நான் போட்ட வரைவு ஒன்றைத் துறைத்தலைவர் வழியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் திருத்த வேண்டியவை இருந்தால் சொல்லுங்கள். கூட்டத்துக்கு அழைத்தால் வந்து விளக்கவும் தயாராக இருக்கிறேன். 2027 ஜூன் வகுப்புக்குப் புதிய வரிசை நடைமுறைக்கு வரவேண்டுமானால், 2026-27 கல்வியாண்டுக்குள் கல்விக்குழு ஒப்புதல் பெற்றாக வேண்டும்.

இப்படிக்கு,
முதலாண்டு இயற்பியல் ஆசிரியர்,
அரசு கலை அறிவியல் கல்லூரி